வௌவால் வீரனின் நகரம் ஏன் இருண்டது?

(பஞ்சாலைத் தொழிலாளர் வாசகசாலையின் ஞாயிறு வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். பஞ்சப்படி, போனஸ், காண்ட்ராக்ட் முறை என்று பேச எத்தனையோ விஷயங்கள் இருக்கும்போது, அமெரிக்காக்காரன் போட்ட பொம்மைக் கதையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே வருகிற வழியில் பாருங்கள். நெஞ்சில் கறுப்பு வௌவால் படம் போட்ட பனியனோடு நாலு பையன்களாவது எதிர்ப்படுவார்கள். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவன் மகனும் போட்டிருக்கிறான், கரும்பு வெட்டுகிறவன் மகனும் போட்டிருக்கிறான். 1939-ல் நியூயார்க்கில் 10 சென்ட் விலையில் வந்த ஒரு மட்டக் காகிதப் பத்திரிகையில் பிறந்த உருவம் அது. எண்பது வருஷத்துக்கு மேலாகியும் சாகவில்லை. முதலில் கறுப்பாக இருந்தது, பிறகு வெளுத்தது, பிறகு முன்னைவிடக் கறுத்தது. ஒரு கதை ஏன் இருளுகிறது, யாருக்காக இருளுகிறது என்று விசாரித்தால், அந்தக் கதையை எழுதிய கையைப் பற்றியும் அந்த நகரத்தைப் பற்றியும் நிறையத் தெரிந்து கொள்ளலாம்.

முதலில் பிறப்பைச் சொல்கிறேன்.

1938-ல் சூப்பர்மேன் வந்தான். கிளீவ்லாந்து நகரத்து இரண்டு ஏழை வாலிபர்கள், ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்று பெயர், அவனைப் படைத்தார்கள். அந்த உருவத்தின் சகல உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள், 130 டாலர். அந்த ஆரம்பகாலச் சூப்பர்மேன் இப்போது சினிமாவில் பார்க்கிற ஆசாமி அல்ல. 1938 ஆகஸ்ட் இதழில் ஒரு கதை வந்தது. சுரங்கத்தில் பாதுகாப்பு இல்லாமல் தொழிலாளி அகப்பட்டுக் கொள்கிறான். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷம் போட்டுக் கொண்டு போய், முதலாளியையும் அவர் வீட்டு விருந்துக்கு வந்த சீமான்களையும் அதே சுரங்கத்துக்குள் சிக்க வைக்கிறான். அபாய மணி வேலை செய்யவில்லை, முட்டுக் கொடுத்த மரம் இற்றுப் போயிருக்கிறது என்பதையெல்லாம் முதலாளி தன் உடம்பால் தெரிந்து கொள்கிறார். வேலையற்றோர் கூட்டம் தெருவில் நின்ற காலத்தில் வந்த கதை அப்படித்தான் இருக்கும்.

அது விற்றது. உடனே பிரசுரகர்த்தர்கள் அதைப்போல் இன்னொன்று கேட்டார்கள். பாப் கேன் என்ற இளம் ஓவியர் ஒரு படம் போட்டார். சிவப்பு உடுப்பு, முதுகில் விறைப்பான இறக்கை, கண்ணைச் சுற்றிச் சின்ன முகமூடி. அதைத் தன் நண்பர் ஒருவரிடம் காட்டினார். அந்த நண்பர் செருப்புக் கடையில் விற்பனை வேலை பார்த்தவர், கதை எழுத ஆசை உள்ளவர், பெயர் பில் பிங்கர். அவர் பார்த்துவிட்டு, சிவப்பை எடு, சாம்பல் நிறம் கொடு, இறக்கைக்குப் பதில் வௌவால் சிறகுபோல் விளிம்பு வெட்டிய போர்வை போடு, முகத்தை மூடி காது வை, கண்ணில் விழியை வரையாதே, வெள்ளையாக விடு என்றார். நாம் பனியனில் பார்க்கிற உருவம் அதுதான். முதல் கதையை எழுதியவரும் பிங்கர்தான். புரூஸ் வெய்ன் என்ற பெயரும், கோதம் என்ற ஊர்ப்பெயரும் அவர் கொடுத்தவை.

ஆனால் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர் கேன் ஒருவர் மட்டுமே. பத்திரிகையில் வந்த பெயரும் அவருடையது மட்டுமே. பிங்கர் எழுதினார், கூலி வாங்கினார், வீட்டுக்குப் போனார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. நம் பீஸ் ரேட் மாதிரிதான், லீவும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. சுமார் கால் நூற்றாண்டு அப்படி எழுதினார். கேன் பெயரில் வந்த படங்களைக்கூடப் பல வருஷம் வேறு ஓவியர்கள் பெயரில்லாமல் வரைந்து கொடுத்தார்கள். ஷெல்டன் மோல்டாப் என்பவர் 1953 முதல் 1967 வரை அந்த வேலை செய்தார். தாழ்வாரத்தில் ஒருவன் நெய்ய, கடைவீதியில் வேறொருவன் முத்திரை குத்தி விற்பது நமக்குப் புதிதல்லவே!

அந்த முதல் கதை என்ன தெரியுமா? ரசாயன ஆலை ஒன்றின் கூட்டாளிகள் ஒருவர்பின் ஒருவராகக் கொலையாகிறார்கள். கொலையாளி யாரென்றால், அவர்களில் ஒரு கூட்டாளியேதான். மற்றவர்களுக்குத் தவணையில் பணம் கொடுத்து ஆலையை முழுதும் தன் கைக்குக் கொண்டுவருவதாக ரகசிய ஏற்பாடு செய்திருந்தான். தவணை கட்ட மனமில்லை, கத்தியை எடுத்துவிட்டான். கடைசியில் பேட்மேன் விட்ட குத்தில் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். அதைப் பார்த்து நம் வீரனுக்கு இரக்கம்கூட இல்லை. ஆறே பக்கக் கதை, இருட்டும் கொலையும்தான். அந்தச் சங்கதியை அவர்கள் சுயமாகவும் யோசிக்கவில்லை. ‘ஷேடோ’, அதாவது நிழல் என்ற மர்ம வீரனைப் பற்றி 1936-ல் வந்த மலிவுப் பதிப்புக் கதையிலிருந்து எடுத்துக் கொண்டார்கள்.

இந்த மலிவுப் பதிப்புகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இருட்டின் ஊற்று அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கதைகளை எழுதியவர்களில் தலைசிறந்தவர் டாஷியல் ஹாமெட். அவர் பிங்கர்ட்டன் என்ற துப்பறியும் கம்பெனியில் வேலை பார்த்தவர். துப்பறியும் கம்பெனி என்று சொன்னால் ஏதோ திருடனைப் பிடிக்கிறவர்கள் என்று நினைக்காதீர்கள். வேலைநிறுத்தத்தை உடைக்க அடியாட்களை அனுப்புகிற கம்பெனி அது. 1892-ல் ஹோம்ஸ்டெட் உருக்காலைப் போராட்டத்தின்போது 300 துப்பாக்கி ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்பியது இந்தக் கம்பெனிதான். ஹாமெட் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். வெளியே வந்து எழுதினார். 1929-ல் ‘ரத்த அறுவடை’ என்று பொருள்படும் பெயரில் அவருடைய நாவல் வந்தது. ஒரு சுரங்க நகரம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். ஊரையே தன் சட்டைப் பையில் வைத்திருக்கிற கிழட்டு முதலாளி, அதை முறியடிக்க வெளியூர் ரவுடிகளைக் கொண்டுவருகிறான். வேலைநிறுத்தம் முறிகிறது. ஆனால் வந்த ரவுடிகள் திரும்பிப் போகவில்லை! போலீஸ் ஸ்டேஷனையும் சூதாட்டக் கடையையும் பங்கு போட்டுக் கொண்டு ஊரை ஆளத் தொடங்கிவிட்டார்கள். நகரம் ஏன் இருண்டது என்ற கேள்விக்கு ஹாமெட்டின் கதையில் பதில் இருக்கிறது. விளக்கை அணைத்தவன் யார், எதற்காக அணைத்தான் என்று பெயரோடு சொல்கிறது.

இதே போக்கில் 1940-களில் ஹாலிவுட்டில் படங்கள் வந்தன. நிழல் நிறைந்த தெரு, ஜன்னல் கம்பியின் நிழல் விழுந்த முகம், விலைபோன போலீஸ்காரன், பணத்துக்காகக் கெட்டுப்போன மனிதன். 1946-ல் பிரெஞ்சு விமரிசகர்கள் இவற்றுக்கு ‘நுவார்’ என்று பெயர் வைத்தார்கள். நுவார் என்றால் கறுப்பு, அவ்வளவுதான். அந்தப் படங்களை எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? சூதாட்டக் கம்பெனியும் வியாபாரக் கம்பெனியும் ஒரே குட்டையில் ஊறியவை என்று 1948-ல் படம் எடுத்த ஆப்ரகாம் போலன்ஸ்கியை வேலை கொடுக்காதோர் பட்டியலில் போட்டார்கள். ஜூல்ஸ் டாசின் ஐரோப்பாவுக்குப் போய்ப் பிழைக்க வேண்டி வந்தது. ஹாமெட் 1951-ல் சிறைக்கே போனார். அரசியல் வழக்குகளில் சிக்கியவர்களுக்கு ஜாமீன் கட்டுவதற்காகத் திரட்டிய நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் யார் என்று கோர்ட்டில் கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் அந்தத் தண்டனை. இப்படி எடுத்தவர்களை விரட்டினார்கள். ஆனால் அந்த நிழலும் மழையும் தொப்பியும் மட்டும் கடைச்சரக்காக மிஞ்சின.

அதே மாதிரி ஒரு சங்கதி பேட்மேனிலும் உண்டு. ஜோக்கர் என்ற வில்லன் 1940-ல் வந்தான். வெளுத்த முகம், மூடாத இளிப்பு. அந்த முகத்தை எங்கே பிடித்தார்கள்? 1928-ல் வந்த ஒரு பேசாத படத்தில் கான்ராட் வைட் என்ற நடிகரின் புகைப்படத்திலிருந்து. அந்தப் படம் விக்டர் ஹ்யூகோவின் நாவல். சுத்தானந்த பாரதியார் ‘இளிச்ச வாயன்’ என்று தமிழில் தந்தாரே, அதேதான். அந்தக் கதையில் அந்த முகம் எப்படி வந்தது? அரசனை எதிர்த்த பிரபுவின் குழந்தையைப் பிடித்து, அரசன் கட்டளைப்படி வாயைக் கிழித்து, சாகிறவரை சிரித்த முகமாக இருக்கும்படி செய்துவிட்டார்கள். அவன் வளர்ந்து பிரபுக்கள் சபையில் நின்று ஏழைகளுக்காக வழக்காடுகிறான். சபை அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. சித்திரக்கதைக்காரர்கள் அந்தக் கிழிந்த வாயை எடுத்துக் கொண்டார்கள், அதைக் கிழித்த அரசனை விட்டுவிட்டார்கள். அரசனால் கெடுக்கப்பட்டவன் காரணமில்லாத கொலைகாரனாக ஆகிவிட்டான்!

சரி, கதைக்கு வருவோம். முதல் ஒரு வருஷம் பேட்மேன் துப்பாக்கி எடுத்தான், கொன்றான். 1940-ல் ஒரு கதையில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதைப் பார்த்து ஆசிரியர் பயந்து போனார். இனிமேல் இவன் கொல்லக் கூடாது என்று கட்டளை போட்டார். அதே வருஷம் ராபின் என்ற சிறுவனைத் துணைக்குச் சேர்த்தார்கள், குழந்தைகள் மேலும் மேலும் வாங்கினார்கள். இருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

முழுதாகக் கலைத்தது 1954.

பிரெடரிக் வொர்த்தம் என்று ஒரு மனநோய் வைத்தியர். லேசான மனிதர் அல்ல. 1946-ல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், மாதா கோயில் கட்டிடத்தின் நிலவறையில், கறுப்பின மக்களுக்காக 25 சென்ட் கட்டணத்தில் மனநல வைத்தியசாலை நடத்தியவர். அந்த வைத்தியசாலைக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? லபார்க்! மார்க்சின் மருமகன் பால் லபார்க்கின் பெயர். நிறப்பிரிவினைப் பள்ளிக்கூடம் குழந்தை மனதைக் கெடுக்கிறது என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவரும் இவரே. இப்படிப்பட்ட மனிதர் 1954-ல் ஒரு புத்தகம் எழுதி, பிள்ளைகள் கெடுவதற்குச் சித்திரக்கதையே காரணம் என்றார். தன் குறிப்புகளை வாதத்துக்கு வசதியாகத் திரித்துக் கொண்டார் என்று 2012-ல் அவருடைய காகிதங்களைப் பார்த்த ஆராய்ச்சியாளர் ஒருவர் நிரூபித்திருக்கிறார். வறுமையும் சேரியும் வேலையின்மையும் கண்ணெதிரே இருக்கும்போது ஒரு வைத்தியர் 10 சென்ட் பத்திரிகையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

அமெரிக்க செனட்டின் துணைக் கமிட்டி ஒன்று விசாரணை வைத்தது. பத்திரிகை முதலாளிகள் பயந்து, தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக் கொண்டார்கள். அதன் முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரன் எடுக்க மாட்டான். அந்தச் சட்டத்தில் ரத்தம், பேய், பயங்கரம் இதற்கெல்லாம் தடை இருந்தது. அதோடு இன்னொரு விதியும் இருந்தது. போலீஸ்காரர், நீதிபதி, சர்க்கார் அதிகாரி, மதிப்புக்குரிய ஸ்தாபனங்கள் யாரையும் அதிகாரத்தின் மேல் மரியாதை குறையும்படி காட்டக் கூடாதாம். குழந்தையைக் காப்பாற்றப் போட்ட சட்டத்தில் போலீசுக்கு என்ன வேலை, தோழர்களே? ஒவ்வொரு கதையிலும் நன்மை ஜெயித்தே ஆக வேண்டும் என்றும் ஒரு விதி. இன்னும் கேளுங்கள். 1956-ல் ஒரு பத்திரிகை, நிறவெறியைக் கண்டிக்கும் பழைய கதை ஒன்றை மறுபடி போட நினைத்தது. கதையின் கடைசிப் படத்தில் விண்வெளி வீரன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், அவன் கறுப்பு மனிதன். அதைத்தான் மாற்றச் சொன்னார் தணிக்கை நிர்வாகி. அவர் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தவர். பத்திரிகைக்காரர் சண்டை போட்டு அப்படியே அச்சிட்டார். அதோடு சித்திரக்கதைத் தொழிலையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார்.

இந்தச் சட்டத்தின் கீழ் பேட்மேன் என்ன ஆனான்? பட்டப்பகலில் தெருவில் நடந்தான். போலீஸ் கமிஷனரோடு கை குலுக்கினான். வேறு கிரகத்து ஆசாமிகளோடு மல்லுக்கட்டினான். 1955-ல் முகமூடி போட்ட நாய் வந்தது, 1957-ல் வானவில் நிறத்தில் தினம் ஒரு உடுப்பு, 1959-ல் குட்டிச்சாத்தான் மாதிரி ஒரு பொடியன். 1966-ல் தொலைக்காட்சிக்குப் போய் 120 கதைத் துண்டுகளில் கோமாளியாகவே ஆகிவிட்டான். 1968-ல் அந்த நிகழ்ச்சி நின்றது. பத்திரிகை விற்பனையும் விழுந்தது.

இனி வருவதுதான் முக்கியமான திருப்பம்.

1967-ல் அந்தக் கம்பெனியைக் கின்னி என்ற நிறுவனம் வாங்கியது. அதன் தொழில் என்ன? கார் நிறுத்துமிடமும் சவ அடக்க நிலையங்களும்! பின்னால் வார்னர் சினிமாக் கம்பெனியையும் அதே நிறுவனம் வாங்கியது. இந்தக் காலத்தில்தான் பல வருஷம் எழுதிய பழைய எழுத்தாளர்கள் சிலர் ஒன்றுகூடி வைத்திய வசதி, பென்ஷன் வேண்டும் என்று கேட்டார்கள். கார்ட்னர் பாக்ஸ், ஆர்னால்ட் டிரேக் போன்றவர்கள். பாக்ஸ், பேட்மேனின் ஆரம்பக் கதைகளையே எழுதியவர். யாரையும் ‘டிஸ்மிஸ்’ என்று கடிதம் கொடுத்து அனுப்பவில்லை. கூலிக்கு எழுதுகிறவனை அப்படி அனுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த வேலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும். அப்படித்தான் ஒவ்வொருவராகக் கழிந்தார்கள். அந்த இடத்துக்குப் புதிய வாலிபர்கள் வந்தார்கள். பதிலி ஆளை நுழைத்துச் சீனியரைக் கழிக்கிற வித்தையைப் பார்த்தவர்கள் இங்கே பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆனால் வந்த வாலிபர்கள் கருங்காலிகள் அல்ல, அதையும் சொல்ல வேண்டும். டென்னி ஓநீல் என்ற எழுத்தாளர் 1939-ல் பிறந்தவர், பேட்மேன் வயது. நீல் ஆடம்ஸ் என்ற ஓவியர் 1941-ல் பிறந்தவர். வியட்நாம் யுத்தத்தையும் கறுப்பின மக்கள் போராட்டத்தையும் கண்ட தலைமுறை. 1969 கடைசியில் வேறொரு குழு ராபினைக் கல்லூரிக்கு அனுப்பி, புரூஸ் வெய்னை மாளிகையிலிருந்து நகரத்துக்குள் குடியேற்றியது. 1970 ஜனவரி இதழிலிருந்து ஓநீலும் ஆடம்சும் பேட்மேனை மறுபடி இரவுக்குள் தள்ளினார்கள். போர்வை நீண்டது, நிழல் நீண்டது, சிரிப்பு நின்றது. 1973-ல் ஜோக்கர் மறுபடி கொலைகாரனாகத் திரும்பினான். 1976-ல் ஓநீல் எழுதிய ஒரு கதையைக் குறிப்பாகச் சொல்வேன். வெய்னின் தாய் தந்தை கொலையான சந்து ஒரு காலத்தில் பணக்காரத் தெரு. இப்போது குற்றச் சந்து என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை பேட்மேன் அங்கே போகிறான். லெஸ்லி தாம்ப்கின்ஸ் என்ற கிழவி அங்கேயே இருக்கிறாள். அன்று அநாதையாக நின்ற சிறுவனை அணைத்துக் கொண்டவள் அவள்தான். ஊரே காலி செய்த சந்தை அவள் காலி செய்யவில்லை. முகமூடி வீரனைவிட அந்தக் கிழவியே எனக்குப் பெரியவளாகத் தெரிகிறாள்.

ஆடம்ஸ் வேறொரு காரியமும் செய்தார். 130 டாலருக்குச் சூப்பர்மேனை விற்ற இருவரும் அப்போது எப்படி இருந்தார்கள்? சீகல் குமாஸ்தா வேலையில் இருந்தார். ஷூஸ்டருக்குக் கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கம்பெனியோ சூப்பர்மேனைப் பெரிய சினிமாவாக எடுக்க ஏற்பாடு செய்து கொண்டிருந்தது. ஆடம்ஸ் பத்திரிகை, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் இந்த அக்கிரமத்தைச் சொன்னார். பேட்மேனின் பழைய ஓவியர் ஜெர்ரி ராபின்சனும் சேர்ந்தார். 1975 டிசம்பரில் கம்பெனி பணிந்தது. இருவருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர், படைப்பாளர் என்ற பெயரும் திரும்பியது. 1978-ல் ஆடம்ஸ் சித்திரக்கதைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கவும் முயன்றார். அது நிலைக்கவில்லை.

கதை கறுத்ததற்கு ஊரும் ஒரு காரணம். கோதம் என்பது வேறு எதுவுமல்ல, நியூயார்க்கின் பழைய பட்டப்பெயர். 1972-ல் நாப் கமிஷன் என்ற விசாரணைக் குழு, நியூயார்க் போலீஸ் இலாகாவில் லஞ்சம் அடிமுதல் நுனிவரை புரையோடியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. உள்ளேயிருந்தே உண்மையைச் சொன்ன செர்பிகோ என்ற போலீஸ்காரர் 1971-ல் முகத்தில் குண்டடி பட்டார். 1975-ல் நகரசபை திவாலாகும் நிலைக்கு வந்தது. கடன் கொடுத்த பாங்குகளைக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான நகரசபைத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். குப்பை அள்ளுவோர் வேலையை நிறுத்த, தெருவெல்லாம் குப்பை மலையாயிற்று. வேலை போகும் ஆத்திரத்தில் போலீஸ் சங்கங்களே மண்டையோட்டுப் படம் போட்டு, ‘பய நகரத்துக்கு நல்வரவு’ என்ற பொருளில் வெளியூர்ப் பயணிகளுக்கு நோட்டீஸ் அச்சடித்தன. 1977 ஜூலையில் ஒரு ராத்திரி ஊர் முழுக்க மின்சாரமே போயிற்று. சித்திரக்காரன் மைப்புட்டியைச் சாய்ப்பதற்கு முன்பே ஊர் இருட்டாகிவிட்டது.

சட்டமும் நெகிழ்ந்தது. 1971-ல் விதியைத் திருத்தி, லஞ்சம் வாங்கும் அதிகாரியைக் காட்டலாம், ஆனால் கடைசியில் அவன் தண்டனை அடைய வேண்டும் என்றார்கள். நாப் கமிஷனுக்குப் பிறகு வேறு என்ன செய்வார்கள்?

1986-ல் பிராங்க் மில்லர் என்ற ஓவியர், ‘இருள் வீரன் திரும்புகிறான்’ என்ற பொருள்பட நாலு புத்தகங்கள் போட்டார். மை பூசியவர் கிளாஸ் ஜான்சன், வண்ணம் கொடுத்தவர் லின் வார்லி. பேட்மேனுக்கு 55 வயது. ஓய்ந்து பத்து வருஷம். ஊரை ரவுடி வாலிபர் கூட்டம் ஆட்டிப் படைக்கிறது. ஒரு பக்கத்தில் பதினாறு கட்டம், அவற்றில் பாதி தொலைக்காட்சிப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு புளுகன் பேசுகிறான். சூப்பர்மேன் ஜனாதிபதிக்கு ஏவல் ஆளாக அயல்நாட்டில் யுத்தம் செய்கிறான். சுரங்கத்தில் முதலாளியைச் சிக்க வைத்த அந்தப் பழைய சூப்பர்மேன்தான்!

கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதில் எனக்குப் பிடிக்காத விஷயமும் உண்டு. கீழே தெருவில் இருக்கிற ஜனங்கள் ஒன்று பயந்தாங்கொள்ளிகள், அல்லது காட்டுமிராண்டிகள். அவர்களை அடக்க ஒரு கோடீஸ்வரனின் முஷ்டி வேண்டும். 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒருவன் நாலு கறுப்பின வாலிபர்களைச் சுட்டான், ஒருவன் ஆயுள் முழுதும் நடக்க முடியாமல் போனான். நகரத்தில் பலர் சுட்டவனை வீரன் என்றார்கள். அந்தக் காற்று வீசிய நேரத்தில் வந்த புத்தகம் இது. ஹாமெட்டின் இருட்டில் விளக்கை அணைத்தவன் யாரென்று தெரியும். இந்த இருட்டில் மனிதன் பிறவியிலேயே கெட்டவன் என்று தோன்றும்.

விலையையும் பாருங்கள். 1939-ல் 10 சென்ட், பையன் கைக்காசு. 1986-ல் சாதாரண இதழ் 75 சென்ட், இந்தப் புத்தகம் ஒன்று 2 டாலர் 95 சென்ட். பெட்டிக்கடையை விட்டு, சித்திரக்கதைக்கென்றே திறந்த தனிக் கடைக்கு வியாபாரம் போய்விட்டது. அங்கே தணிக்கை முத்திரையை யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவன் சம்பாதிக்கிற வயதுக்காரன். அவனுக்கு ரத்தமும் இருட்டும் வேண்டும். கதை கறுத்ததில் இந்தக் கல்லாப்பெட்டிக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

அடுத்த வருஷம், 1987-ல், அதே மில்லர் எழுத டேவிட் மஸ்ஸுக்கெல்லி வரைந்த ‘முதல் வருஷம்’ வந்தது. நாலு சாதாரண இதழ்கள். என்னைக் கேட்டால் நுவார் என்ற பெயருக்குத் தகுந்தது இதுதான். தொடக்கத்தைக் கேளுங்கள். இரண்டு பேர் கோதமுக்கு வருகிறார்கள். ஜேம்ஸ் கார்டன் என்ற போலீஸ் அதிகாரி, கர்ப்பிணி மனைவியை வரச் சொல்லிவிட்டு, ரயிலில் வருகிறான். ஜன்னலில் அழுக்கு ஊர் தெரிகிறது. புரூஸ் வெய்ன் விமானத்தில் வருகிறான். மேலேயிருந்து பார்த்தால் ஊர் அழகாகத்தான் இருக்கிறது. நானும் ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று அவனே நினைக்கிறான். ஒரே பக்கத்தில் வர்க்கத்தைச் சொல்லிவிட்டார்கள்.

கார்டன் லஞ்சம் வாங்க மறுக்கிறான். அதற்காக அவனுடைய சக போலீஸ்காரர்களே முகமூடி போட்டுக் கொண்டு தடியால் அடிக்கிறார்கள். போலீஸ் கமிஷனரும் கள்ளக் கும்பல் தலைவனும் நகரத்துப் பெரிய மனிதர்களும் ஒரே மேஜையில் விருந்து சாப்பிடுகிறார்கள். பேட்மேன் அந்த மாளிகைச் சுவரை உடைத்து வந்து, உங்கள் விருந்து முடியப் போகிறது என்று எச்சரித்துவிட்டுப் போகிறான். பழிவாங்க, அவன் ஒளிந்திருக்கும் பாழடைந்த கட்டிடத்தின் மேல் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போடுகிறது. உள்ளே வீடற்ற ஏழைகள் தங்கியிருக்கிறார்கள், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இது அதிகப்படியான கற்பனையா? 1985 மே 13-ம் தேதி பிலடெல்பியா நகரத்தில் போலீஸ் ஒரு கறுப்பின மக்கள் குழுவின் வீட்டின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. 5 குழந்தைகள் உட்பட 11 பேர் செத்தார்கள். 61 வீடுகள் எரிந்தன. ‘முதல் வருஷம்’ அதற்கு இரண்டு வருஷத்துக்குப் பின் வந்தது. படித்த அமெரிக்கனுக்குப் பிலடெல்பியா நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு வண்ணம் கொடுத்தவர் ரிச்மண்ட் லூயிஸ் என்ற பெண் ஓவியர். பளபளப்பு இல்லை. பழுப்பு, சாம்பல், பழைய மஞ்சள், நாற்பது வாட்ஸ் பல்பு எரிகிற அறையின் நிறம். அந்த நிறத்தில்தான் கார்டனின் சின்ன வீடும், பாத்திரம் கழுவும் தொட்டியும், தூக்கமில்லாத ராத்திரியும் உண்மையாகத் தெரிகின்றன. வீரன் பறக்கிற கதையில் ஒரு சம்பளக்காரனின் பயம் இவ்வளவு இடம் பிடித்தது அதற்கு முன் அபூர்வம்.

ஆனாலும் எல்லை ஒன்று உண்டு. வெய்னுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கம்பெனியிலிருந்து. அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவன் கூலி என்ன, ஷிப்ட் எத்தனை மணி என்று இந்தக் கதை கேட்பது அபூர்வத்திலும் அபூர்வம். எல்லார் மேலும் நிழல் விழுகிறது, அந்தக் கணக்குப் புத்தகத்தின்மேல் மட்டும் வெளிச்சமும் விழுவதில்லை, நிழலும் விழுவதில்லை. 2011-ல் பழைய பணக்காரக் குடும்பங்கள் ரகசிய சபை வைத்து ஊரை ஆள்வதாக ஒரு கதை போட்டார்கள். கொஞ்சம் கிட்ட வந்தார்கள்.

இருட்டு விற்கிறது என்று தெரிந்ததும் கம்பெனி சும்மா இருக்குமா? 1988-ல், இரண்டாவது ராபினாக வந்த பையன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று போனில் ஓட்டுக் கேட்டார்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்று 5,343, பிழைக்கட்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பில் ஒரு பிள்ளையைக் கொன்றார்கள்! அப்போது அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் யார்? குற்றச் சந்துக் கிழவியை எழுதிய அதே ஓநீல். 1989-ல் சினிமா வந்து 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த 1954 தணிக்கை முத்திரையை 2011-ல் இந்தக் கம்பெனியே தூக்கி எறிந்தது. அதற்குள் அது காகிதப் புலி. 2019-ல் ஜோக்கரையே கதாநாயகனாக வைத்து ஒரு படம் வந்தது. குப்பைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பின்னணியில் இருக்கிறது, ஏழைகளுக்கு இலவச வைத்தியம் நிறுத்தப்படுவதும் இருக்கிறது. நூறு கோடி டாலருக்கு மேல் வசூல். காரணத்தைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் குப்பைத் தொழிலாளி என்ன கேட்டார் என்று படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் இறங்கிய ஏழைகளுக்குக் கோரிக்கை இல்லை, கோமாளி முகமூடி மட்டும் இருக்கிறது.

சீட்டில் எழுதிக் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

“அப்படியானால் பிள்ளைகளை இதைப் படிக்க விடலாமா?” என்று ஒரு தோழர் கேட்டிருக்கிறார். தாராளமாக விடுங்கள். தடை போட்டவர்கள் கதையைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். குழந்தை பெயரைச் சொல்லித் தடை போட்டார்கள், லாபம் போலீசுக்குப் போயிற்று. பையன் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது, வெய்னுக்குப் பணம் ஏது என்று கேளுங்கள். ‘முதல் வருஷம்’ புத்தகம் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. இங்கிலீஷில்தான் இருக்கிறது. பத்தாவது படித்தவன் அகராதியை வைத்துக் கொண்டு படித்துவிடலாம், நான் அப்படித்தான் படித்தேன். வாசகசாலைக்குத் தருகிறேன், மேல் அட்டையைக் கிழிக்காமல் திருப்பித் தரவும்.

இன்னொரு கேள்வி பெண் தோழர் ஒருவருடையது. “அந்தப் பில் பிங்கர் கடைசியில் என்ன ஆனார்?”

1974 ஜனவரியில் நியூயார்க்கில் ஏழையாகச் செத்தார், அம்மா. பேட்மேனைப் படைத்தவர் என்று அவர் பெயர் அதுவரை ஓர் இதழிலும் வரவில்லை. 1989-ல் பாப் கேன் தன் சுயசரிதையில், பிங்கருக்கு உரிய பெயர் கிடைக்காமல் போயிற்று என்று ஒப்புக் கொண்டார். அப்போது பிங்கர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பின்னர் எழுத்தாளர் ஒருவர் தேடி அலைந்து பிங்கரின் பேத்தியைக் கண்டுபிடித்தார். குடும்பம் கேட்டது, வாசகர்கள் கேட்டார்கள். 2015-ல் கம்பெனி ஒப்புக் கொண்டது. இப்போது ஒவ்வொரு இதழிலும், படத்திலும் “பாப் கேன், பில் பிங்கருடன்” என்று வருகிறது. 2017 டிசம்பரில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு தெருவுக்கு அவர் பெயரும் சூட்டப்பட்டது. பக்கத்திலேயே ஒரு பூங்கா இருக்கிறது. 1939-ல் அவரும் கேனும் உட்கார்ந்து கதை பேசிய பூங்கா அதுதான்.